வீட்டுச் சலவை இயந்திரமும் விடுதிச் சலவை இயந்திரமும்

நாங்கள் பட்ட ஓர் இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் மத்ரஸா விடுதியில் அறுபது மாணவர்கள் தங்கிப் பயில்கின்றனர். ஒருவர் கொடுத்த நன்கொடையில், மேலே மூடி திறந்து துணி போடும் ஏழு கிலோ இயந்திரம் ஒன்றை வாங்கினோம். வீடுகளில் இருப்பதே. பதினைந்தாம் மாதத்தில் அடிப்பகுதியில் பேரிங் தேய்ந்து பேரிரைச்சலிட்டு நின்றது. உத்தரவாதம் இரண்டாண்டு என்றிருந்தும், "விடுதியில் ஓட்டியது வணிகப் பயன்பாடு, அதற்கு உத்தரவாதம் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். அட்டையைப் புரட்டினேன். பொடி எழுத்தில் அவ்வாறே இருந்தது. வாங்கும்போது படிக்காதது என் பிழை. பிறர் தந்த பணம் அமானத் அல்லவா? பல இரவுகள் உறக்கம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். மாணவர் ஒருவருக்கு வாரம் மூன்று கிலோ துணி என்றால் மொத்தம் நூற்றெண்பது கிலோ. வாரத்திற்கு இருபத்தாறு சுமை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300. ஒரு வீட்டில் இயந்திரம் ஆண்டுக்கு 295 முறை ஓடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2012-இல் தன் சோதனை விதிகளில் கணக்கிட்டிருந்தது. நாங்களோ நான்காண்டு வேலையை ஓராண்டில் வாங்கிவிட்டோம்!

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளே. வணிக இயந்திரத்தின் மோட்டாரும், விசையைக் கடத்தும் பாகங்களும் நாள் முழுதும் அடுத்தடுத்து ஓடும்படி கனமாக அமைக்கப்படுகின்றன. அதன் முன் பலகையைச் சில திருகாணிகளை அகற்றித் திறந்துவிடலாம். பழுது பார்ப்பவர் இயந்திரத்தை நகர்த்த வேண்டியதில்லை. காசு போட்டுத் துவைக்கும் கடைகளில் ஓர் இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் வருமானம் போய்விடுமே. வாடிக்கையாளர் தாமே வந்து வாடகைக்குத் துவைக்கும் கடை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் வொர்த் நகரில் 1934-லேயே இருந்தது. வாடிக்கையாளர் காத்திருப்பார் என்பதால் ஒரு சலவை சுமார் அரைமணியில் முடிந்துவிடும். பொத்தான்களும் சிலவே இருக்கும்.

வீட்டு இயந்திரமோ பொறுமையானது. துணியின் அளவை உணர்ந்து அதற்கேற்ற நீரை எடுக்கும். மென்துணி, கம்பளி, குழந்தைத் துணி என்று பல முறைகள் காட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். நம் நாட்டில் விற்பவற்றில் பெரும்பாலும் அடியில் சுழலும் தட்டுதான் துணியைப் புரட்டுகிறது. மேலே மூடி திறக்கும் அமெரிக்க வணிக இயந்திரங்கள் பலவற்றில் நடுவில் செங்குத்தான தண்டு நின்று இருபுறமும் திரும்பித் துணியை அலைக்கும். அது நன்றாக அழுக்கை எடுக்கும். மெல்லிய துணிக்கு ஆகாது. நீரும் தொட்டி நிறைய வேண்டும்.

ஆதலால் "கடையில் ஓடுவதே உறுதி, அதையே வீட்டுக்கு வாங்குவோம்" என்று எண்ணும் சகோதரிகள் சற்று நிதானியுங்கள். விலை மிக அதிகம். குடத்தில் நீர் சுமக்கும் தெருவில் அது வீண். பத்துப் பேர் உள்ள கூட்டுக்குடும்பமாயினும், நாளுக்கு இரு சுமைக்குக் கொள்ளளவு கூடிய வீட்டு இயந்திரமே போதும். தொட்டியை வாய்வரை அடைக்காதிருங்கள், ஒரு சுமைக்கும் மறு சுமைக்கும் இடையே சற்று ஓய்வு கொடுங்கள். (அசுத்தம் பட்ட துணியை முன்பே தனியாக அலசிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.) விடுதி, மருத்துவமனை, திருமண மண்டபம் நடத்துவோர் மட்டும் வணிக இயந்திரத்தையே கேளுங்கள், "இது விடுதிக்கு" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் விடுதிக்கு நிர்வாகம் பின்னர் வணிக இயந்திரமே வாங்கியது. பழுதான பழையதை நான் விலை கொடுத்து வாங்கிப் பேரிங் மாற்றினேன். இப்போது எங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் ஓடுகிறது. மூன்றாண்டாக ஒரு குறையும் இல்லை.