இயற்கை வேளாண் உணவுகளைத் தேர்ந்தெடுத்தல்

செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் விளைவிக்கப்படும் உணவுப்பொருள்கள் இயற்கை வேளாண் உணவுகள் எனப்படுகின்றன. மரபணு மாற்றப்பட்ட விதைகளுக்கும் இம்முறையில் இடமில்லை. கடைகளில் இவை 'ஆர்கானிக்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அரசு ஆவணங்களில் 'உயிர்ம', 'அங்கக' என்ற சொற்களும் பெரும்பாலும் இதே பொருளில் வழங்குகின்றன.

இந்த உணவுகளின் விலை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். எனவே எல்லாவற்றையும் இப்படியே வாங்க வேண்டுமா, சிலவற்றை மட்டும் வாங்கினால் போதுமா, வாங்கும் பொருள் உண்மையானதா என்ற கேள்விகள் எழுகின்றன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள பொம்மையார்பாளையமும் அதன் சுற்றுப்புறமும் இக்கேள்விகளை ஆராய ஏற்ற இடமாகும். மீனவர் குடியிருப்பு, முந்திரியும் மணிலாவும் (வேர்க்கடலை) விளையும் செம்மண் நிலங்கள், ஆரோவிலின் இயற்கைப் பண்ணைகள் ஆகிய மூன்றும் இங்கு அருகருகே உள்ளன.

வட்டாரப் பின்னணி

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அப்போது அந்த மேட்டுநிலம் மரங்கள் குறைந்து, மேல்மண் அரிக்கப்பட்டுக் கிடந்தது. பெருமழையில் செம்மண் கரைந்து ஓடைகள் வழியாகக் கடலில் சேர்ந்தது. வரப்புகள் அமைத்து மழைநீரைத் தேக்குவதும் மரம் நடுவதும் முதல் பணிகளாயின. மண் ஓரளவு மீண்ட பிறகு, இரசாயனம் தவிர்த்த சாகுபடி அங்குள்ள பண்ணைகளில் பரவியது. அவற்றுள் பெரியதான அன்னபூர்ணா பண்ணையில் நெல் பயிரிடப்படுகிறது. கறவை மாடுகளும் வளர்க்கப்படுகின்றன.

ஆனாலும் ஆரோவில் தனக்குத் தேவையான உணவில் ஒரு பகுதியை மட்டுமே சொந்தப் பண்ணைகளில் விளைவிக்கிறது. மீதியை வெளியிலிருந்து வாங்குகிறது. பல ஆண்டு உழைப்பும் நிலமும் உள்ள இடத்திலேயே நிலை இதுவென்றால், சாதாரணக் குடும்பம் முழு உணவையும் இயற்கை விளைபொருளாக மாற்றுவது எளிதன்று. எனவே எதற்கு முன்னுரிமை தருவது என்பதை அறிவது அவசியமாகிறது.

தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). மரபு நெல் வகைகளைத் திரட்டி உழவர்களிடையே பரப்பியவர் நெல் ஜெயராமன். தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது.

ஆய்வுகள் கூறுவது

இயற்கை வேளாண் உணவில் சத்து அதிகமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். சத்துகளில் பெரிய வேறுபாடு இல்லை என்றும், பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு இயற்கை விளைபொருளில் குறைவு என்றும் அவர்கள் கண்டனர். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்று 343 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். இயற்கை முறையில் விளைந்த பயிர்களில் சில ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் கூடுதலாகவும், காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவாகவும் இருந்ததாக அது கூறியது. இரசாயன முறைப் பயிர்களில் எச்சம் தென்படுவது ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்றும் தெரிவித்தது.

நோய்களைப் பொறுத்தவரை முடிவுகள் மாறுபடுகின்றன. பிரான்சில் ஏறத்தாழ 69,000 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், இயற்கை உணவை மிகுதியாக உண்டவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. இங்கிலாந்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், மொத்தப் புற்றுநோய் பாதிப்பில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. இயற்கை உணவை வாங்குவோர் பொதுவாகக் காய்கறியும் பழமும் அதிகம் உண்பர். புகைபிடித்தல் போன்ற பழக்கங்களும் அவர்களிடம் குறைவாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கொண்டாலும், நன்மை உணவால் மட்டுமே வந்தது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

ஆகவே, பூச்சிக்கொல்லி எச்சம் குறையும் என்பது ஓரளவு உறுதியான பயன். நோய் தீரும், சர்க்கரை நோய் வராது என்பன போன்ற விளம்பரங்களுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை.

முதலில் தேவையான அளவு, பிறகு முறை

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரத்துக்கு 11.2 கிலோ தேவை. கிலோ சராசரியாக 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 560 ரூபாய் ஆகும். இயற்கை விளைபொருளின் விலை ஒன்றரை மடங்கு, அதாவது 75 ரூபாய் எனில், அதே 560 ரூபாய்க்குச் சுமார் 7.5 கிலோ மட்டுமே கிடைக்கும். ஒருவருக்கு நாள்தோறும் கிடைப்பது ஏறத்தாழ 267 கிராமாகக் குறைந்துவிடும்.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019–21) காட்டுகிறது. இந்நிலையில் கீரையையும் காயையும் பருப்பையும் குறைத்துக்கொண்டு 'ஆர்கானிக்' வாங்குவது இழப்பாகவே முடியும். பூச்சிக்கொல்லிக்கு அஞ்சிக் காய்கறியைத் தவிர்ப்பதும் அவ்வாறே. சாதாரணக் காய்கறியை நன்கு கழுவிப் போதிய அளவு உண்பது, இயற்கைக் காய்கறியைக் குறைவாக உண்பதைவிட நல்லது.

இயற்கை முறையில் விளைந்த கரும்பிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரையே. 'ஆர்கானிக்' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் உள்ள சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றை அந்தச் சொல் குறைத்துவிடுவதில்லை.

எவற்றுக்கு முன்னுரிமை தரலாம்?

கூடுதலாகச் செலவிட இயன்ற தொகை குறைவாக இருந்தால், அதனை எச்சம் மிகுதியாக இருக்க வாய்ப்புள்ள பொருள்களுக்குச் செலவிடலாம்.

• தோலுடன் உண்பவை, அடிக்கடி மருந்து தெளிக்கப்படுபவை: கத்தரி, வெண்டை, காலிஃபிளவர், பச்சைமிளகாய், திராட்சை. கத்தரியும் வெண்டையும் சில நாள் இடைவெளியில் தொடர்ந்து பறிக்கப்படுகின்றன. மருந்து தெளித்த பின் அறுவடைக்கு முன் விட வேண்டிய காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடிப்பது இவற்றில் கடினம்.

• இலையாக உண்பவை: கொத்தமல்லி, கறிவேப்பிலை, கீரைகள். தெளிக்கும் மருந்து நேரடியாக உண்ணும் பகுதியிலேயே படிகிறது.

• நாள்தோறும் மிகுதியாக உண்பவை: அரிசி, பருப்பு, சிறுவர்களுக்குக் கொடுக்கும் பழங்கள்.

• அவசரமில்லாதவை: வாழைப்பழம், தேங்காய், இளநீர், பலா, தர்பூசணி, வெங்காயம். இவற்றின் தோலையோ ஓட்டையோ நீக்கிவிட்டே உண்கிறோம்.

வீட்டு முற்றத்து முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, பப்பாளி ஆகியவை எந்த முத்திரையும் இல்லாத இயற்கை உணவுகள். மருந்து தெளிக்காத வீட்டு மரத்தின் கீரைக்குச் செலவு ஏதுமில்லை. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, இரண்டு மிளகாய்ச் செடி வளர்ப்பதும் பயன் தரும்.

கடலோர ஊர்களின் முக்கிய உணவான மீனுக்கு இந்தப் பாகுபாடு பொருந்தாது. சான்று என்பது வளர்ப்பு முறைக்கு உரியது. கடலில் தானாக வளர்ந்த மீனுக்கு அது வழங்கப்படுவதில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் புதியவையா என்று பார்த்து வாங்கினாலே போதும்.

முத்திரைகளும் சான்றுகளும்

இந்தியாவில் இரண்டு சான்று முறைகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதில் அரசு ஏற்பு பெற்ற மூன்றாம் தரப்பு நிறுவனம் நிலத்தையும் பதிவேடுகளையும் ஆய்வு செய்து சான்றளிக்கும். ஏற்றுமதிக்கும் இது ஏற்றது. இதன் முத்திரை 'இந்தியா ஆர்கானிக்'. தமிழ்நாட்டில் அரசுத் துறையே கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு இச்சான்றை வழங்குகிறது. மற்றொன்று, பங்கேற்பாளர் உத்தரவாத முறை. ஒரே பகுதியைச் சேர்ந்த உழவர்கள் குழுவாக இணைந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்வர். செலவு குறைவு என்பதால் சிறு உழவர்களுக்கு இது ஏற்றது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் அங்கக உணவுகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்று அச்சிட்டு விற்க மேற்கண்ட இரண்டில் ஒரு சான்று வேண்டும். 'ஜைவிக் பாரத்' என்னும் பொது முத்திரையும் அறிமுகமானது. இதனுடன் 14 இலக்க உரிம எண்ணும் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உழவர்களுக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவர்கள் அந்த முத்திரையைப் பயன்படுத்த இயலாது. அவர்களிடம் வாங்கும்போது, என்ன உரம் இடுகிறார்கள், பூச்சி வந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். இயன்றால் நிலத்தையும் பார்க்கலாம்.

இரசாயன முறையில் பயிரிட்ட நிலம் ஒரே பருவத்தில் சான்று பெற்றுவிடாது. ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக விதைப்புக்கு முன் 2 ஆண்டும், முந்திரி, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டும் மாற்றக் காலமாக வைக்கப்பட்டுள்ளன. இக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும். கூடுதல் விலையும் கிடைக்காது. இயற்கை விளைபொருள் விலை உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழப்பம் தரும் பெயர்கள்

'பாரம்பரிய', 'நாட்டு', 'மரச்செக்கு' ஆகிய சொற்கள் இயற்கை வேளாண்மையைக் குறிப்பவை அல்ல. மாப்பிள்ளைச் சம்பா என்பது நெல் வகையின் பெயர்; யூரியா இட்டும் அதனை விளைவிக்கலாம். மரச்செக்கு என்பது எண்ணெய் பிழியும் முறை. கடலை எப்படி விளைந்தது என்பதை அது தெரிவிக்காது. நாட்டுச் சர்க்கரைக்கும் இது பொருந்தும்.

இயற்கை முறை என்பதற்கு மருந்தே இல்லை என்றும் பொருளில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல், உயிரியல் பூச்சிக்கொல்லிகள், வரையறுத்த அளவில் செப்புச் சேர்மங்கள் ஆகியவை அனுமதிக்கப்படுகின்றன.

கழுவுதலும் சேமித்தலும்

எல்லாக் காய்கறிகளையும், இயற்கை விளைபொருளையும் சேர்த்து, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தொழுவுரம் இட்ட கீரையில் கிருமிகள் இருக்கக்கூடும். புளிக்கரைசலிலோ உப்பு நீரிலோ சிறிது நேரம் ஊறவைத்து, மீண்டும் நல்ல நீரில் அலசினால் மேற்பரப்பில் உள்ள எச்சம் ஓரளவு குறையும். செடியின் உள்ளே ஊடுருவும் வகை மருந்துகளைக் கழுவி நீக்க முடியாது. சோப்பு பயன்படுத்தக் கூடாது.

மணிலாவில் மற்றொரு கவனம் தேவை. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா இரகங்கள் 'டி.எம்.வி.' என்ற எழுத்துகளால் அறியப்படும் அளவுக்கு இப்பகுதிக்கும் அப்பயிருக்கும் தொடர்பு உண்டு. சரியாகக் காயாத மணிலாவில் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் தங்கக்கூடும். இயற்கை முறையில் விளைந்த கடலைக்கும் இந்த ஆபத்து உண்டு. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

தெளிப்பவரின் உடல்நலம்

பூச்சிக்கொல்லியால் முதலில் பாதிக்கப்படுவோர் அதனைக் கலப்பவரும் தெளிப்பவரும் வயலில் களையெடுப்பவருமே. உண்பவருக்குச் சேர்வது எச்சம். அவர்களுக்குச் சேர்வது மருந்தின் முழு வீச்சு. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தெளிப்பது கிராமங்களில் இன்றும் காணப்படுகிறது. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் மருந்தின் பாதிப்புகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று அம்மருந்துக்கு நாடு தழுவிய தடை விதித்தது. இயற்கை விளைபொருளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, வயலில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்கான விலையும் ஆகும். வாங்குபவரின் தட்டில் பெரிய வேறுபாடு தெரியாதபோதும் இந்தப் பயன் நிலைத்திருக்கிறது.

தொகுப்பு

பலவகைக் காய், கீரை, பருப்பு, சிறுதானியம், பழம், மீன் அல்லது முட்டை ஆகியவை போதிய அளவில் இருப்பதே நல்ல உணவின் அடிப்படை. அது அமைந்த பிறகு, மீதமுள்ள தொகைக்கு ஏற்ப ஓரிரு பொருள்களை இயற்கை விளைபொருளாக மாற்றலாம். அருகிலுள்ள உழவரிடம் வாரந்தோறும் கீரை வாங்கத் தொடங்குவது ஏற்ற முதல் படியாகும். வாங்குவோர் நிலையாக இருந்தால்தான் மாற்றக் காலத்தின் இழப்பைத் தாங்கிக்கொள்ள உழவர்களால் முடியும்.