உணவிற் பொற்றாசியம்

உணவின் சிறப்பை நாவின் சுவைகொண்டும் வயிற்றின் நிறைவுகொண்டும் மதிப்பிடுதல் உலக வழக்கு. கறியிலே உப்பு மிகினும் குறையினும் உண்பவர் அக்கணமே அறிந்துகொள்வர். ஆயின், அவ்வுப்பிலுள்ள சோடியத்துக்கு உடன்பிறப்புப் போன்றதும், உடலின் இயக்கத்துக்கு அதனோடொத்த இன்றியமையாமை உடையதுமாகிய பொற்றாசியம் உணவிற் குறைந்தால் நாவு அதனை அறிவதில்லை. பசி தோன்றுமாறு அக்குறை தோன்றுவதுமில்லை. பல ஆண்டுகள் வாளாவிருந்து, பின்னர் உயர் குருதியமுக்கத்துக்கும் பாரிசவாதத்துக்கும் துணைக்காரணமாகவே அது வெளிப்படுகின்றது. ஆகவே, நாவு செய்யாத இக்காவலை அறிவு செய்தல் வேண்டும்.

பொற்றாசியம் என்னும் பெயர் அடுப்படியிலிருந்து பிறந்தது. விறகின் சாம்பலை நீரிற் கரைத்து வடித்து, அந்நீரைப் பானையிலிட்டு வற்றக் காய்ச்சினால் வெண்ணிறமான காரப்பொருள் எஞ்சும். ஐரோப்பியர் அதனைப் பானைச் சாம்பல் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். 1807ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, உருக்கிய பொற்றாசுக் காரத்தினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, வெள்ளிபோல் மின்னும் மென்மையான உலோகமொன்றைப் பிரித்தெடுத்தார். பானைச் சாம்பலிலிருந்து தோன்றியமையால் அதற்குப் பொற்றாசியம் எனப் பெயரிட்டார். சாம்பலில் அது மிகுந்திருத்தற்குக் காரணம், தாவரங்கள் யாவும் அதனை நிலத்திலிருந்து உறிஞ்சித் தம் உடலிற் சேர்த்து வைத்தலேயாம். வாழைக்கும் கத்தரிக்கும் அடுப்புச் சாம்பலை எருவாக இடும் தோட்டக்காரர், பெயரறியாமலே பொற்றாசியத்தையே ஊட்டுகின்றனர். இலையும் காயும் கிழங்கும் விதையுமாக மனிதர் உண்பவற்றின் வழியாக அதுவே அவர்தம் உடலை வந்தடைகின்றது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 140 கிராம் பொற்றாசியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கலங்களின் உள்ளேயே இருக்கின்றது. கலங்களுக்கு வெளியேயுள்ள நீர்மத்திலும் குருதியிலும் சோடியம் மிகுதி. உள்ளே பொற்றாசியம் மிகுதி. உள்ளிருக்கும் பொற்றாசியத்தின் செறிவு வெளியிலுள்ளதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்காகும். இவ்வேற்றுமை தானாக நிலைப்பதன்று. கலத்தின் மென்சவ்விலே அமைந்த நுண்ணிய பம்பிகள் மூன்று சோடிய அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளிழுத்துக்கொண்டு, இரவுபகல் ஓயாது தொழிற்படுகின்றன. இதற்கு அடிப்படையான நொதியத்தை 1957ஆம் ஆண்டில் விளக்கிய ஜென்ஸ் ஸ்கௌ என்னும் தென்மார்க்கு விஞ்ஞானி, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் நோபற் பரிசில் பங்கு பெற்றார்.

கலத்தின் உள்ளும் புறமும் இவ்வாறு வேறுபட்டு நிற்றலால் மின்னழுத்த வேறுபாடொன்று உண்டாகின்றது. நரம்பு செய்தி கொண்டுசெல்வதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் துடிப்பதும் அவ்வேறுபாட்டினாலேயே இயலுகின்றன. இலண்டனில் சிட்னி றிங்கர் என்னும் மருத்துவர் 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தை உப்புக் கரைசல்களில் இட்டு ஆராய்ந்தார். சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகிய மூன்றின் உப்புக்களும் தக்க அளவில் இருந்தாலன்றி அவ்விதயம் செவ்வனே துடியாதென்பதை அவர் கண்டார். பொற்றாசியம் மிகுந்தவிடத்து இதயம் தளர்ந்து நின்றுவிட்டது. குறையும் தீது, மிகையும் தீது என்னும் உண்மை அன்றே தெளிவாயிற்று.

இனி, குருதியமுக்கத்துக்கும் பொற்றாசியத்துக்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். மிகுதியாக உண்ட கறியுப்பின் சோடியம் உடலில் தங்குமாயின், அதனோடு நீரும் தங்கும். குழாய்களில் ஓடும் குருதியின் அமுக்கமும் உயரும். உணவிற் பொற்றாசியம் போதிய அளவு இருப்பின், சிறுநீரகங்கள் சோடியத்தை மீள உறிஞ்சாமல் சிறுநீரோடு கழித்துவிடுகின்றன. குருதிக் குழாய்களின் தசைகளும் இளகுகின்றன. பொற்றாசியம் குறைந்தவிடத்துச் சிறுநீரகம் அதனைச் சேமிக்க முயன்று, சோடியத்தையும் உடன் பிடித்து வைத்துக்கொள்கின்றது. ஆகவே, உப்பைக் குறைத்தலும் பொற்றாசியத்தைக் கூட்டுதலும் ஒரே தொழிலின் இரு கைகள் எனலாம். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த கறியுப்பும், குறைந்தது 3510 மில்லிகிராம் பொற்றாசியமும் கொள்ளுதல் நன்றென உலக சுகாதார தாபனம் 2012ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இவ்வளவைப் பெறுதற்கு விலையுயர்ந்த உணவு வேண்டுமோ என்னும் வினா எழும். வேண்டுவதில்லை. பொற்றாசியம் என்றவுடன் பலரும் வாழைப்பழத்தையே நினைப்பர். நூறு கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருப்பது மெய்யே. ஆயினும், அதற்கு இணையானவையும் மேலானவையும் பல உள. அவித்த உருளைக்கிழங்கும், அவித்த மைசூர்ப் பருப்பும் நூறு கிராமுக்கு அதே அளவினைத் தருவன. முருங்கைக்காயும் பலாப்பழமும் 450 வரை தருவன. சமைத்த கீரைவகைகள் பலவற்றில் 500 அளவில் உண்டு. இளநீர் ஒரு குவளையில் 500க்கு அணித்தாக இருக்கும். பாலிலும் தயிரிலும் நூறு கிராமுக்கு 150 அளவிலும், மீனில் 350 அளவிலும் உண்டு. வேலியோரத்து முருங்கையும் கிணற்றடிக் கீரையும் கடையில் வாங்கும் சத்துமாவினும் இவ்வகையிற் குறைந்தவையல்ல.

இதற்கு மாறாக, பெரும்பான்மையோர் வயிறு நிறைய உண்ணும் வெள்ளரிசிச் சோற்றில் நூறு கிராமுக்கு 35 மில்லிகிராமே உண்டு. பாணிலும் 120 அளவுக்கு மேல் இராது. தானியத்தைத் தீட்டித் தவிடு நீக்குந்தோறும் பொற்றாசியமும் நீங்குகின்றது. சோறும் கருவாட்டுப் பொரியலும் ஊறுகாயுமாக ஒரு வேளை உணவு முடியுமாயின், வயிறு நிறைந்தும் பொற்றாசியம் நிறையாது. சோடியமோ அளவிறந்து சேரும்.

யாழ்ப்பாணத்து எளிய குடும்பமொன்றின் ஒருநாள் உணவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். மூன்று வேளையுமாக 600 கிராம் சோறு உண்டால் 210 மில்லிகிராம் கிடைக்கும். அதனோடு பருப்புக்கறி 150 கிராம் 550உம், கீரை 100 கிராம் 500உம், உருளைக்கிழங்கு 150 கிராம் 500உம், முருங்கைக்காய் 100 கிராம் 400க்கு மேலும், மீன் 100 கிராம் 350உம், கதலியோ இதரையோ தோல் நீக்கி 200 கிராம் 700உம், மோராகவோ தயிராகவோ ஒரு குவளை 300உம் தருமாயின், கூட்டுத்தொகை 3500ஐ எட்டிவிடும். மீனுண்ணாதார் பயறு, கடலை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். இப்பட்டியலில் அரிதான பொருள் யாதுமில்லை. சோற்றை ஓரளவு குறைத்துக் கறிகளைப் பெருக்குதல் ஒன்றே செய்யவேண்டியது.

சமைக்கும் முறையும் ஈண்டுக் கருதற்பாலது. பொற்றாசிய உப்புக்கள் நீரில் எளிதிற் கரைவன, வெப்பத்தால் அழிவனவல்ல. ஆகவே, காய்கறியைச் சிறு துண்டுகளாக அரிந்து நிறைந்த நீரில் அவித்து அந்நீரைக் கொட்டிவிட்டால், சத்தின் ஒரு பகுதி சாக்கடைக்கே போய்விடும். அவித்த நீர் கறியிலேயே நின்றால் இழப்பில்லை. கீரையை மசித்துக் கடைவதும், இலையை அரிந்து வறை வறுப்பதும், கறியின் நீர் முழுவதையும் பாற்கறியாகவும் சொதியாகவும் உண்பதும் இவ்வகையிற் சிறந்த முறைகள். மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை, மீன் முதலியன யாவும் ஒரே பானையில் வெந்து, நீரும் சேர்த்துப் பருகப்படும் ஒடியற்கூழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். உப்பை மட்டும் அடக்கி இட்டால் அதனினும் பொருத்தமான உணவைக் காண்டல் அரிது.

வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் பொற்றாசியம் விரைந்து கழிந்துவிடும். உடற்சோர்வும் தசைத் தளர்ச்சியும் அதனால் உண்டாகும். மருத்துவமனைகளில் வழங்கப்பெறும் நீரூட்டற் கரைசலின் ஓர் இலீற்றருக்கு 1.5 கிராம் பொற்றாசியங் குளோரைட்டுச் சேர்க்கப்படுவது அவ்விழப்பை ஈடுசெய்தற்கே.

இதுகாறும் கூறியவை சிறுநீரகங்கள் செம்மையாகத் தொழிற்படுவோர்க்கே பொருந்தும். உண்ட பொற்றாசியத்தில் மிகையானதைக் கழித்துக் குருதியில் அதன் அளவை இலீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் சிறுநீரகங்களே. அவை பழுதுற்றால் கழியாத பொற்றாசியம் குருதியிற் சேரும். சேர்வது நோயாளிக்கு முன்னறிவிப்பின்றியே இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிருக்கே இறுதி விளைத்தல் கூடும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990கள் தொட்டு உழவர் பலர் நெடுநாட் சிறுநீரக நோயால் வருந்துகின்றனர். நீரிழிவாலும் உயர் குருதியமுக்கத்தாலும் எங்கணும் சிறுநீரகம் பழுதுறுவோர் பலராவர். இத்தகையோருக்கு இளநீரும் வாழைப்பழமும் கீரையும் நல்லன என்று அன்பினால் ஊட்டுதல் தீங்காய் முடியலாம். சில குருதியமுக்க மருந்துகளும் பொற்றாசியத்தை உடலிலே தங்கச் செய்வனவாதலால், அவற்றை உண்போரும் மருத்துவரை உசாவுதல் வேண்டும். கிழங்கையும் காயையும் நுண்ணிதாக அரிந்து நிறைந்த நீரில் அவித்து நீரை வடித்தல், பிறருக்குக் குற்றமாயினும், சிறுநீரக நோயாளருக்குக் குணமாகும்.

இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காட்டும் ஆராய்ச்சியொன்று சீன நாட்டில் நிகழ்ந்தது. 600 சிற்றூர்களில் வாழ்ந்த 20,995 பேரை, ஊர் ஊராக இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்கு வழக்கமான உப்பும், மற்றப் பகுதியினர்க்கு முக்காற் பங்கு கறியுப்பும் காற்பங்கு பொற்றாசியங் குளோரைட்டும் கலந்த உப்பும் பயன்படுத்துமாறு செய்தனர். அவர்கள் முன்னரே பாரிசவாதமுற்றவர்கள், அன்றி அறுபது வயதும் உயர் குருதியமுக்கமும் உடையவர்கள். 2021இல் வெளியான முடிவின்படி, கலப்புப்பை உண்டவரிடையே பாரிசவாதம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்திருந்தது. எனினும், கடுமையான சிறுநீரக நோயுடையார் அவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்படவில்லை. 2025இல் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார தாபனமும், சிறுநீரக நோயாளர், கருவுற்ற மகளிர், குழந்தைகள் ஆகியோரை அப்பரிந்துரையினின்றும் விலக்கியே கூறிற்று.

ஒரே கூரையின் கீழ் உயர் குருதியமுக்கமுடைய தந்தையும் சிறுநீரக நோயுற்ற பாட்டியும் வாழ்தல் இன்று அரிதன்று. ஒரே பானையில் ஆக்கிய உணவு ஒருவருக்கு அரணாகவும் மற்றவருக்கு ஊறாகவும் அமைதல் கூடும். ஆதலால், அகப்பை பிடிப்போர் பொருளின் குணத்தோடு உண்பவரின் உடல்நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். நலமுடையார் இலைக்கறியையும் பருப்பையும் கிழங்கையும் பழத்தையும் பெருக்கி உப்பைச் சுருக்குக. நோயுடையார் குருதியைச் சோதித்து, மருத்துவர் வகுத்த அளவில் நிற்க. திருக்குறளில் மருந்தைப் பற்றி எழுந்த அதிகாரம் பெரும்பாலும் உண்ணும் அளவையே பேசுகின்றது. பொற்றாசியத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு அறிந்து கூறியதும் அவ்வளவறிதலேயாம்.