பெஹிஸ்தூன் பாறை: ஜெயிச்சவரோட வெர்ஷன்

இன்னைக்கு நாம பேசப்போறது மேற்கு ஈரான்ல, கெர்மான்ஷா நகரத்துக்குப் பக்கத்துல இருக்குற பெஹிஸ்தூன் மலையைப் பத்தி. 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடம்.

கீழ நின்னு நிமிர்ந்து பார்த்தா, செங்குத்துப் பாறையில ஒரு சிற்பம். பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் கையில வில்லோட நிக்கிறாரு. அவர் காலுக்கு அடியில ஒருத்தன் மல்லாந்து கிடக்கிறான். எதிர்ல ஒன்பது கைதிகள், கழுத்துல கயிறோட. கூடவே பழைய பாரசீகம், ஈலமைட், பாபிலோனியன்னு மூணு மொழிகள்ல கல்வெட்டு.

காலுக்கு அடியில இருக்குறது யாரு? டேரியஸ் சொல்ற கதை இது: சைரஸோட மூத்த மகன் கேம்பைசிஸ், தன் தம்பி பர்தியாவை ரகசியமா கொன்னுட்டாரு. அப்புறம் கௌமாதாங்கிற மதகுரு, தான்தான் பர்தியான்னு ஊரை ஏமாத்தி அரியணை ஏறிட்டான். கி.மு. 522-ல டேரியஸ் அந்தப் போலியைக் கொன்னு ஆட்சியை மீட்டாரு.

ஆனா கொல்லப்பட்டது நிஜமான பர்தியாவாவே இருந்தா? அப்போ இது மீட்பு இல்ல, ஆட்சிக் கவிழ்ப்பு. ஆய்வாளர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. காரணம், டேரியஸ் சைரஸோட மகன் இல்ல. அவர் வந்ததும் பேரரசு முழுக்கக் கலகம் வெடிச்சுது. ஒரே வருஷத்துல 19 போர் நடத்தி 9 ராஜாக்களைப் பிடிச்சதா அவரே எழுதியிருக்காரு.

சரி, கீழ இருந்து படிக்கவே முடியாத உயரத்துல எதுக்கு இவ்வளவு எழுத்து? மலையில இருந்தது மாஸ்டர் காப்பி மாதிரி. இதே வாசகத்தோட அராமைக் மொழிப் பிரதி, எகிப்தோட எலிஃபன்டைன் தீவுல பாப்பிரஸ்ல கிடைச்சிருக்கு. செய்தி ஊர் ஊராப் போயிருக்கு.

அதுல அப்டேட்டும் உண்டு! வரிசையில கடைசியா, கூம்புத் தொப்பியோட நிக்கிற சித்தியத் தலைவன் ஸ்குங்கா பின்னாடி சேர்த்தவர். அவருக்கு இடம் விட, முதல்ல செதுக்குன ஈலமைட் வாசகத்துல ஒரு பகுதியையே வெட்டிட்டாங்க. அதை மறுபடி வேற பக்கத்துல செதுக்கினாங்க.

1835-ல இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி ஹென்றி ராலின்சன் இந்தப் பாறையில ஏறி நகல் எடுக்க ஆரம்பிச்சாரு. ஒரே விஷயம் மூணு மொழியில இருந்ததால, பாபிலோனிய ஆப்பெழுத்தைப் படிக்க இது பெரிய சாவியா அமைஞ்சுது. மெசபடோமியக் களிமண் பலகைகள் நம்மகிட்ட பேசத் தொடங்கினதுல, ஒரு ராஜாவோட இந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

அதனால படத்தைத் தேடிப் பார்க்கும்போது டேரியஸை மட்டும் பார்க்காதீங்க. அந்த ஒன்பது பேரையும் பாருங்க. அவங்க பக்கக் கதை அந்தப் பாறையில இல்ல.