போர்க்கதையில் பிறந்த பொம்மைகள்: ஜப்பானின் 'கன்டாம்' மோகம்

ஜப்பானின் பொம்மைக் கடைகளில் பள்ளிச் சிறுவர்களும் தலை நரைத்த அலுவலர்களும் ஒரே அலமாரியின் முன் நிற்பதைக் காணலாம். அவர்களை ஈர்ப்பவை 'கன்டாம்' என்ற தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் வரும் இராட்சத இயந்திரங்களின் பிளாஸ்டிக் மாதிரிகள்.

'கன்புரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மாதிரிகள் 1980 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. அதுமுதல் 70 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் சந்தைக்கு அனுப்பப்பட்டுள்ளன. ஆனால் இந்தப் பெரும் வணிகத்தின் வேர், தோல்வி என்று கருதப்பட்டு இடையில் நிறுத்தப்பட்ட ஒரு தொடரில் உள்ளது.

பாதியில் நின்ற தொடர்

யொஷியுகி டொமினோ இயக்கிய 'மொபைல் சூட் கன்டாம்' 1979 ஏப்ரலில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அது, 1980 ஜனவரியில் 43 ஆவது பகுதியோடு முடித்துக்கொள்ளப்பட்டது.

அக்காலத்தில் இத்தகைய தொடர்கள் பொம்மை நிறுவனங்களின் விளம்பரப் பணத்தை நம்பியே தயாராயின. கன்டாமின் புரவலராக இருந்த குளோவர் நிறுவனம் சிறு குழந்தைகளுக்கான பொம்மைகளைத் தயாரித்தது.

கதையோ சிறு குழந்தைகளுக்கானதாக இருக்கவில்லை. விண்வெளியில் குடியேறிய மக்களில் ஒரு பிரிவினர் பூமியின் அரசுக்கு எதிராகச் சுதந்திரம் கோரிப் போர் தொடுக்கிறார்கள். போரின் ஆரம்பத்திலேயே மனித குலத்தில் பாதி அழிந்துவிடுகிறது. இரு தரப்பிலும் நல்லவர்களும் தீயவர்களும் உண்டு.

கதையைப் புரிந்துகொண்டு ரசித்த பதின்ம வயதினர் குழந்தைப் பொம்மைகளை வாங்க விரும்பவில்லை. பொம்மை கேட்கும் வயதுக் குழந்தைகளுக்கோ கதை எட்டவில்லை.

300 யென் பெட்டி

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது பண்டாய் நிறுவனம். 1980 ஜூலையில் அது வெளியிட்ட முதல் மாதிரியின் விலை 300 யென். கதையில் 18 மீட்டர் உயரமுள்ள கன்டாம், 144 இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டு, பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் மாணவர்களின் கைக்கு எட்டியது.

மறு ஒளிபரப்புகளும், 1981, 1982 ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று திரைப்படங்களும் தேவையைப் பெருக்கின. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்தின் கடை ஒன்றில், இம்மாதிரிகளை வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பலர் காயமடைந்தனர்.

எதிரியின் இயந்திரங்களும் விற்றன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கன்டாமின் எதிரியான 'ஸாக்கு' ஒரு தனி அரக்கன் அல்ல. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் இராணுவத் தளவாடம். எனவே ஒரே மாதிரியைப் பலமுறை வாங்கிப் படையாக அணிவகுக்க இரசிகர்களுக்குக் காரணம் கிடைத்தது. கதை போரைப் பற்றியதாக இருந்ததே சேகரிப்புக்கு வழிவகுத்தது.

அச்சும் அருமையும்

பெட்டியைத் திறந்தால் முழு உருவம் இருக்காது. சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்புகளே இருக்கும். அவற்றை வெட்டியெடுத்துப் பொருத்த வேண்டும். தொடக்கத்தில் பசையும் வண்ணப்பூச்சும் தேவைப்பட்டன. பின்னர், ஒரே சட்டத்தில் பல நிறப் பிளாஸ்டிக்கை வார்க்கும் முறையும், பசையின்றி அழுத்திப் பொருத்தும் முறையும் வந்தன. 1990 இல் 'ஹை கிரேட்', 1995 இல் 'மாஸ்டர் கிரேட்' எனத் தரவரிசைகள் உருவாகின.

சேகரிப்போரைப் பொறுத்தவரை முக்கியமானது உலோக அச்சு. அதைச் செய்வதற்கே பெரும் செலவாகும். ஆனால் அச்சு இருக்கும்வரை பழைய மாதிரியையும் மீண்டும் வார்த்தெடுக்கலாம். ஆகவே அஞ்சல்தலையைப் போல அல்லாமல், இன்று அரிதாக உள்ள பெட்டி நாளை மீண்டும் கடைக்கு வரக்கூடும். 1983 இல் திவாலான குளோவரின் பொம்மைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அன்று விரும்பப்படாத அவையே இன்று அரும்பொருட்கள்.

ஆயினும் மறுவெளியீடு வரும்வரையான இடைவெளியில் இலாபம் பார்ப்பவர்கள் உள்ளனர். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தவர்களிடையே தேவை உயர்ந்தபோது, இடைத்தரகர்கள் பெட்டிகளை மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். கடைகள் ஒருவருக்கு இத்தனை என்று வரம்பு விதித்தன. மாணவனின் கைச்செலவுக்கென விலை வைக்கப்பட்ட பொருள் மாணவனுக்கே கிடைக்காத நிலை ஏற்பட்டது.

சேகரிப்போரிடமும் ஒரு முரண்பாடு உண்டு. பொருத்தி முடித்த மாதிரிக்குச் சந்தை மதிப்புக் குறைவு. பிரிக்காத பெட்டிக்கு மதிப்பு அதிகம். வாங்கி அடுக்கப்பட்டு, செய்யப்படாமலே கிடக்கும் பெட்டிகளுக்கு ஜப்பானியர் 'சுமிபுரா' என்று தனிப்பெயரே வைத்துள்ளனர்.

விடை இல்லாத கேள்வி

கன்டாமின் மையப் பொருள் போரின் அழிவு. அந்தக் கதையை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலமாக வாழவைத்திருப்பதோ அதில் வரும் ஆயுதங்களின் அழகு. 2009 இல் டோக்கியோவின் ஒடைபாவில் முழு உயர கன்டாம் நிறுத்தப்பட்டபோது அதைக் காண மக்கள் திரண்டனர். 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை யோகஹாமாவில் அசையும் கன்டாம் ஒன்றும் காட்சிக்கு இருந்தது.

1941 இல் பிறந்த டொமினோ, போரையும் அதன் பின்னரான வறுமையையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். இன்று மாதிரி வாங்கும் இளைஞர்களுக்கு அத்தகைய நினைவு கிடையாது. மேசையில் நிற்கும் இயந்திரம் அவர்களுக்குப் போரை நினைவூட்டுகிறதா, அல்லது போரை அழகாக்குகிறதா என்பது, பெட்டியை வாங்குபவர் அதனுடன் வந்த கதையையும் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது.