எல்லை கடக்கும் ஆசிரியர்

ஆசிரியத் தொழிலைத் தெய்வத் தொழில் என்று போற்றுகின்றோம். கோயிலிலே தெய்வத்திற்கு நாள்தோறும் நைவேத்தியம் தவறுவதில்லை. ஆசிரியர் சம்பள உயர்வு கேட்டால் மாத்திரம், "தொண்டுக்குக் கூலியா?" என வினவுகின்றோம். சம்பளம் பல்லாண்டு அசையாது நின்றால் நட்டமடைவோர் யாவர் என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் அயல் மாநிலங்கள் இரண்டின் கதை நன்கு விளக்குகின்றது.

இலங்கையிலே அரசாங்க ஆசிரியரின் சம்பளத் திட்டம் தீவெங்கும் ஒன்றே. ஒக்லகோமாவிலும் அதன் தெற்கேயுள்ள டெக்சாசிலும் அவ்வாறன்று. மாநிலம் ஆகக்குறைந்த சம்பளத்தை வகுக்கும். அதற்குமேல் எவ்வளவு கொடுப்பது என்பதை அந்தந்தப் பாடசாலை மாவட்டம் தீர்மானிக்கும். ஆதலால், ஒரு மாவட்டத்தின் வறுமை அயல் மாவட்டத்தின் வாய்ப்பாகிவிடுகின்றது.

ஒக்லகோமா 2008ஆம் ஆண்டின் சம்பளத் திட்டத்தைப் பத்தாண்டுகள் உயர்த்தவில்லை. புதிய பட்டதாரி ஆசிரியருக்கு ஆண்டிற்கு 31,600 டொலரே ஆகக்குறைந்த ஊதியம். விலைவாசியோ அவ்வாறு நிற்கவில்லை. டெக்சாசின் போட் வேர்த் நகரப் பாடசாலை மாவட்டம், தன் தொடக்கச் சம்பளம் 52,000 டொலர் என அறிவிக்கும் பெரும் விளம்பரப் பலகைகளை ஒக்லகோமாவின் வீதியோரங்களிலேயே நாட்டியது. 2016ஆம் ஆண்டின் சிறந்த ஆசிரியரென ஒக்லகோமா கௌரவித்தவரே மறு ஆண்டு டெக்சாசில் குடியேறினார். பாராட்டுப் பத்திரம் வீட்டு வாடகையைக் கொடுக்குமா?

அரசினர் கைகளும் கட்டுண்டிருந்தன. 1992இல் மக்கள் ஏற்ற திருத்தமொன்றின்படி, அங்கே சட்டசபை வரியை உயர்த்த நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். ஆசிரியர் சம்பளத்திற்காக விற்பனை வரியைக் கூட்டும் யோசனையையும் 2016இல் வாக்காளர் தோற்கடித்தனர்.

விளைவை அனுபவித்தோர் பிள்ளைகளே. உரிய தகுதியை முற்றாகப் பெறாதோர் கற்பிப்பதற்கான அவசரகால அனுமதிகள் 2011-12இல் 32 ஆக இருந்து, 2017-18இல் 1,900க்கு மேற்பட்டன. 90க்கு மேலான மாவட்டங்களில் பாடசாலை வாரத்தில் நான்கு நாட்களே நடைபெற்றது. 2018 மார்ச்சு இறுதியில் ஆளுநர் மேரி ஃபாலின் சராசரி 6,100 டொலர் சம்பள உயர்வுக்குக் கையொப்பமிட்டார். ஆயினும், பாடசாலைச் செலவுக்கும் போதிய பணம் வேண்டுமெனக் கோரி, ஏப்பிரல் 2ஆந் திகதி ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளியேறினர். 12ஆந் திகதிவரை போராட்டம் நீடித்தது.

நமக்கும் இது அந்நியக் கதையன்று. 1997 முதலான சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கேட்டு, 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை நம் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தனர். மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆசிரியர் பலர் கடல் கடந்தும் சென்றனர். சம்பளத் திட்டம் தீவெங்கும் ஒன்றாயிருப்பினும், கடலுக்கு அப்பால் அது ஒன்றன்று.

ஆசிரியர் ஒருவர் போனால் அவர் நாற்காலியில் இன்னொருவர் வந்து அமரலாம். ஆனால், எந்தப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை, எந்தப் பிள்ளை காலையுணவின்றி வருகின்றது என்பவற்றை அறிந்தவர் போய்விடுகின்றார். அவ்வறிவு ஒரு நாளில் வருவதன்று. பல ஆண்டுகளாக நம் செலவில் விளைந்த அப்பயிரைப் பிறர் அறுவடை செய்ய விட்டுவிடுவது சிக்கனமாகுமா? பெற்றோர் சிந்திப்பாராக.