உடலின் காவலர்களுக்கே பயிற்சி! புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரு புது வழி

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி புராஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருப்பது. வயது ஏறியபின் இதில் புற்றுநோய் தோன்றுவதுண்டு. சுரப்பிக்குள்ளேயே இருக்கும்வரை அறுவைச் சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். எலும்புக்குப் பரவிவிட்டாலோ முற்றிலும் குணமாவது அரிது.

பரவிய நோயைத் தணிக்க வழி கண்டவர் சிகாகோ டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் நோய் அடங்குகிறது என்று 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நாளடைவில் பலருக்கு இந்தச் சிகிச்சையையும் மீறி நோய் வளர்கிறது. பிறகு?

2010 ஏப்ரலில் ஒரு பதில் வந்தது. 'சிபுலூசெல்-டி' என்ற சிகிச்சைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இது மாத்திரை அல்ல. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் சிலவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். புராஸ்டேட் செல்களுக்கே உரிய ஒரு புரதத்தை ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு அறிமுகம் செய்கிறார்கள். திருடனின் படத்தைப் போலீசாரிடம் காட்டுவது போலத்தான்! பிறகு அதே நோயாளியின் உடலில் திரும்ப ஏற்றுகிறார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை.

பலன் என்ன? 512 பேரிடம் நடந்த சோதனையில், இச்சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் 25.8 மாதங்களைத் தாண்டி உயிர் வாழ்ந்தனர். பயிற்சி பெறாத அணுக்கள் ஏற்றப்பட்டவர்களிடம் இது 21.7 மாதம். வித்தியாசம் நான்கு மாதம். கட்டி கரைந்தது வெகு சிலருக்கே. அறிமுகமானபோது செலவோ 93,000 டாலர்!

உடலின் எதிர்ப்புச் சக்திக்கு உள்ள 'பிரேக்'கைத் தளர்த்தும் முறைக்கு ஆலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். மற்றச் சில புற்றுநோய்களில் வியக்கவைத்த அந்த மருந்துகள், புராஸ்டேட்டில் குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கே கைகொடுக்கின்றன.

மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தவிக்கும் தகப்பனுக்கு நான்கு மாதம் பெரிது. கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகையும் பெரிது. சிகிச்சை தொடங்குமுன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதனால் எவ்வளவு பலன்?"

ஐம்பதைத் தாண்டியவர்கள், சிறுநீர் கழிப்பதில் சிரமமோ ரத்தமோ கண்டால், கூச்சப்பட்டு லீவுக்கு ஊர் போகும்வரை தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. இருந்தாலும், சீக்கிரம் தெரிந்துகொள்வதே நல்லது.