அம்மாவிடம் சொல்லலாமா?

பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் பல குடும்பங்களில் முதலில் நடப்பது இதுதான்: நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகனோ மருமகனோ மட்டும் உள்ளே போவார். "டாக்டர், அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாதாரணக் கட்டின்னு சொல்லிடுங்க. தாங்க மாட்டாங்க."

அன்பினால் கேட்பதுதான். ஆனால் அந்த அம்மா, புற்றுநோய் என்று பலகை மாட்டிய கட்டடத்துக்குள் நடந்து வந்தவர். பக்கத்து பெஞ்சில் முடி கொட்டியவர்களைப் பார்க்கிறார். மகள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவதையும் பார்க்கிறார். பெரும்பாலும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று அவரும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார். சின்னவள் கல்யாணம் என்னாகும், வீட்டுப் பத்திரத்தை யார் பெயருக்கு மாற்றுவது, வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்க நினைத்ததையெல்லாம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1961-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 90 சதவீத மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் விடவே விரும்பினார்கள். அதே கேள்விகளை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வு 1979-ல் வெளியானபோது, 97 சதவீதம் பேர் சொல்வதே சரி என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை வளர்ந்திருந்தது; நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் எழுந்திருந்தது.

சொல்வது என்றால் போட்டு உடைப்பதல்ல. 2000-ல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற வழிமுறையை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். ஆறு படிகள். தனியிடத்தில், வேண்டியவர்களோடு உட்காரவைக்க வேண்டும். "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்க வேண்டும். பிறகு, "ரிப்போர்ட்டைப் பற்றி விவரமாத் தெரிஞ்சுக்கணுமா?" இந்த மூன்றாவது படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "எல்லாம் பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்று அந்த அம்மாவே சொன்னால், அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். அவரைக் கேட்காமல் நாம் முடிவெடுப்பதுதான் தவறு. அதற்குப் பிறகே எளிய சொற்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது, அழுதால் அழவிட்டுக் காத்திருப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று திட்டமிடுவது.

விவரம் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்று கேள்விப்பட்டு, ஷாக் அடிக்கும் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தின் கீழே அசையாமல் சில நிமிடம் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வலி இருக்காது. அறையில் தனியாக இருந்தாலும் வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை முதல் நாளே சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? புற்றுநோய் ஒட்டுவாரொட்டி என்று தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் வீடுகளும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ இந்த நோய் பரவாது. பேரனை மடியில் போட்டுக் கொஞ்சலாம். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நாட்களில், சளி, காய்ச்சல் உள்ளவர்கள்தான் நோயாளியை விட்டு விலகியிருக்க வேண்டும்.

மனச்சுமையை அளக்கவும் வழி இருக்கிறது. கடந்த ஒரு வாரத்தில் மனக்கஷ்டம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்கும் அளவுகோல் அது. 4 அல்லது அதற்கு மேல் போனால் ஆலோசகரிடம் அனுப்புவது வழக்கம். கூடவே இருக்கும் பட்டியலில் கவலை, தூக்கமின்மை மட்டுமல்ல, பணம், போக்குவரத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் கேட்கப்படுகின்றன. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உளவியல் ஆலோசனைக்கென்றே தனித்துறை உண்டு.

மருத்துவமனைகளில் இருக்கும் சமூகப் பணியாளரைப் பல குடும்பங்கள் தேடிப் போவதே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், வெளியூரிலிருந்து வருபவர்கள் எங்கே தங்கலாம் என்று அவரிடம் கேட்கலாம். சிகிச்சைக்காக ரயிலில் வரும் புற்றுநோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஊர் திரும்பும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.